உதிர்ந்த பீலி, பிடுங்கிய பீலி

பழவேற்காடு ஏரியின் பெருமை பூநாரை. கோட்டைக்குப்பம் பக்கம் பறவை பார்க்க வருகிறவர்கள் முதலில் தேடுவதும் அதைத்தான். ஆனாலும் தமிழ்த் திருவிழாவில் இறகு என்றால் மயில் பீலிதான்: காவடியின் இரு முனையிலும், மயிலாட்டக்காரரின் முதுகிலும். ஏன் பூநாரை இல்லை? முருகனின் வாகனம் மயில், அவ்வளவுதான் என்று முடித்துவிடலாம். எனக்கு அது பாதி பதிலாகவே படுகிறது.

பூநாரையின் இளஞ்சிவப்பு அது தின்னும் பாசியிலிருந்தும் சிற்றுயிர்களிலிருந்தும் வரும் சாயம். உதிர்ந்த இறகு வெயிலில் வெளுத்துவிடும். மயிலின் நீலமும் பச்சையும் சாயமே அல்ல. இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்பும்போது உண்டாகிற நிறம். அதனால்தான் பழைய காவடிப் பீலியும் மின்னுகிறது. தவிர, ஆண்மயில் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் தோகையைத் தானே உதிர்க்கும். கொல்லாமல் பொறுக்கலாம்.

ஐரோப்பியத் தொப்பிகளின் கதை இப்படி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சீமாட்டிகள் ஆசைப்பட்டது கொக்கின் மெல்லிய முதுகிறகுக்கு. அது முளைப்பதே கூடு கட்டும் பருவத்தில்தான். தாய்க்கொக்கைச் சுட்டால் குஞ்சும் சாகும். 1889-இல் இங்கிலாந்தில் இதை எதிர்த்துச் சங்கம் தொடங்கியவர்களும் பெண்களே. 1902-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு இறகு ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

உடனே நாம காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். 1972 வன உயிரினச் சட்டம் மயிலுக்கு உச்சப் பாதுகாப்பு தருகிறது. உதிர்ந்த தோகையின் உள்நாட்டு விற்பனைக்கு மட்டும் விலக்கு. பிடுங்கிய இறகின் அடித்தண்டில் ரத்தம் ஒட்டியிருக்கும். தண்டை நறுக்கிக் கட்டாக விற்றால்? வாங்குகிற பக்தருக்கு எப்படித் தெரியும்? அந்த விலக்கு மொத்தமும் தண்டின் கடைசி ஓர் அங்குலத்தில் தொங்குகிறது.

அணிவதன் அர்த்தத்தைப் பற்றி என்றால், ஔவையாரைத் தாண்டி யாரும் சொல்லிவிடவில்லை என்பேன். புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் அவர் அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போகிறார். தொண்டை மண்டலம், அதாவது இந்த ஏரிக்கரைச் சீமை. தொண்டைமானின் ஆயுதங்கள் பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசிப் பளபளக்கின்றன. அதியமானுடையவை முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் ஒரு குத்து: பீலி சூடியவை போருக்கே போகாதவை.

இன்றைய மயிலாட்டத்துக்கும் அந்தக் குத்து பொருந்துகிறது. கோயில் வீதியில் ஆடுபவர் நூலை இழுத்து அலகைத் திறந்து மூடுவார், தோகையை விரிப்பார், சுழலுவார். அங்கே இறகுக்கு வேலை உண்டு. கல்யாண மண்டப வாசலிலோ அதே உடையை மாட்டி ஆளை நிறுத்திவிடுகிறோம். மாப்பிள்ளை கார் வரும்வரை அவர் நிற்கிறார். வந்ததும் ஒரு செல்ஃபி, ரெண்டு நிமிஷம் ஆட்டம்.