சாம்பலூர் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்கள் என்ன ஆனார்கள்?

தீபாவளி முடிந்தால் எங்கள் பக்கம் பயர் ஆபீஸ்களுக்கு ஒரு மாதம் போல லீவு. (எம். புதுப்பட்டி வட்டாரத்தில் பட்டாசுத் தொழிற்சாலையை யாரும் ஆலை என்று சொல்ல மாட்டார்கள். பயர் ஆபீஸ்தான். தீப்பெட்டிக்கும் அப்படியே, தீப்பெட்டி ஆபீஸ்.) அந்த லீவில்தான் எங்க மதினி ஓடிடி பார்ப்பாங்க. போன தடவை என்கூட உட்கார்ந்து 'சுழல்' முதல் சீசன் எட்டு அத்தியாயத்தையும் முடிச்சாங்க. எல்லா முடிச்சும் அவிழ்ந்து, பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டாங்க: "ஏன் தம்பி, அந்த ஃபேக்டரியில வேல பாத்தவுக எல்லாம் என்ன ஆனாக?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. அடுத்த நாள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஓரத்தில் அங்கங்கே சில காட்சிகள் இருக்கு, அவ்வளவுதான். தமிழ் வெப் சீரிஸில் நல்லது எது, மோசம் எதுன்னு நண்பர்கள் அடிக்கடி லிஸ்ட் கேட்பாங்க. இனிமே யாராவது கேட்டால் மதினியின் கேள்வியை வைத்துத்தான் பிரிக்கணும்னு அன்றைக்கு முடிவு பண்ணினேன்.

'சுழல்' மோசமான தொடர் இல்லை, அதை முதலில் சொல்லிடறேன். 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தது. புஷ்கர்–காயத்ரி எழுத்து, பிரம்மாவும் அனுசரணும் இயக்கம். சாம்பலூர் என்ற கற்பனை ஊர். சிமெண்ட் ஃபேக்டரியில் ஸ்ட்ரைக், பார்த்திபன் சங்கத் தலைவர். ஓர் இரவு ஃபேக்டரி எரிகிறது, அதே இரவு அவருடைய மகள் காணாமல் போகிறாள். பெயரிலேயே சாம்பலை வைத்துக்கொண்ட ஊரில் இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையை அது தொட்ட விதமும் கண்ணியமானது. ஆனால் ஃபேக்டரித் தீ அதற்கு வெறும் திரி. பற்ற வைத்ததும் அதன் வேலை முடிந்தது. காப்பீட்டு விசாரணைக்கு வருகிற ஆளாகக் குமரவேல் நன்றாகவே நடித்திருக்கிறார். அவர் கேட்கிற கேள்விகளைத் தொடர்ந்து போயிருந்தால் வேறொரு தொடர் கிடைத்திருக்கும். ஸ்ட்ரைக் எதற்காக, எத்தனை நாள் சம்பளம் போச்சு, எரிந்த மறுநாள் அந்த வீடுகளில் அடுப்பு எரிஞ்சதா என்பதெல்லாம் மர்மத்துக்குத் தேவைப்படலை.

இன்னொன்றும் உண்டு. அத்தியாயங்களைக் கோத்துக்கொண்டு போகிற மயானக் கொள்ளை, மேல்மலையனூர் அங்காளம்மனோடு சேர்ந்தது, வடமாவட்டத்துத் திருவிழா. அதைக் கொண்டுவந்து ஒரு கற்பனை மலையூரில் இறக்கி வைக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கு. ஆனால் அந்தச் சாமிக்கு யார் வரி கொடுக்கிறார்கள், யார் வேஷம் கட்டுகிறார்கள் என்று எதுவும் தெரியாது. ஃபேக்டரி மாதிரியே திருவிழாவும் பின்னால் தொங்குகிற திரைச்சீலை.

இதில் எனக்கு ஏன் இத்தனை கடுப்பு என்றால், எங்க ஊர்ப்பக்கம் தீ ஒரு தொடக்கக் காட்சி கிடையாது. 2012 செப்டம்பர் 5 முதலிபட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை, முதல் சத்தம் கேட்டு ஓடிப் போனவர்கள். 2023 அக்டோபர் 17 ரெங்கபாளையத்தில் பத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள். இந்த மாதிரி ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஒரு விசாரணை நடக்கும். அந்த விசாரணைக்குள் ஒரு தொடருக்கான எல்லாமே இருக்கு. லைசென்ஸ் நாக்பூரில் வாங்கியதா, சென்னையில் வாங்கியதா, டிஆர்ஓ கொடுத்ததா? அறைகள் உள்குத்தகைக்குப் போயிருந்ததா? நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எத்தனை பேர் இருந்தார்கள்? மருந்து கலக்கிறதைக் காலை வெயிலுக்கு முன் முடிச்சாங்களா, பீஸ் ரேட்டுக்காக உச்சி வேளையிலும் ஓட்டினாங்களா? போர்மேன் எங்கே? இதில் ஒவ்வொரு கேள்விக்கும் யாரோ ஒருத்தர் பொய் சொல்வார். மர்மக் கதைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இப்படி எடுக்க முடியாது, போரடிக்கும் என்பார்கள். எச்பிஓவின் 'செர்னோபில்' (2019) அஞ்சே அத்தியாயம். அதன் கடைசி அத்தியாயம் முக்கால்வாசி ஒரு நீதிமன்றத்தில் அணு உலை எப்படி வேலை செய்கிறது என்று ஒருத்தர் அட்டைகளை வைத்து விளக்குவதுதான். நான் மூச்சுவிடாமல் பார்த்தேன். இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸின் 'தி ரயில்வே மென்' (2023), போபால் விஷவாயு இரவைப் பற்றி நாலு அத்தியாயம். சாகசம் கொஞ்சம் தூக்கல்தான். இருந்தாலும் ஸ்டேஷன் மாஸ்டர் சிக்னல் அறையில் என்ன செய்வார், எந்த வண்டியை எங்கே நிறுத்த முடியும் என்பது நமக்குப் புரிகிறது. அந்த வேலை புரிவதால்தான் அந்தச் சாவுகள் நம்மைத் தொடுகின்றன.

மோசம் என்று நான் முதலில் வைப்பது 'தலைவெட்டியான் பாளையம்'. 2024 செப்டம்பரில் பிரைமில் வந்தது. இந்தி 'பஞ்சாயத்'தின் தமிழ் வடிவம், பெரும்பாலும் காட்சிக்குக் காட்சி. சிரிப்பு வருதா என்றால் வருது, சேத்தனும் தேவதர்ஷினியும் இருக்காங்களே. பிரச்சினை அஸ்திவாரத்தில். சென்னையில் இன்ஜினியரிங் படித்த பையன் திருநெல்வேலிக் கிராமத்துக்குப் பஞ்சாயத்துச் செயலரா வந்து, ஆபீஸிலேயே தங்கி, ஊர் தெரியாமல் முழிக்கிறான். உத்தரப் பிரதேசத்து ஃபுலேராவில் அது பொருந்தலாம். எங்க பக்கம் பஞ்சாயத்துக் கிளார்க் உள்ளூர்க்காரர். ஊரிலுள்ள ஒவ்வொரு தண்ணிக் குழாயும், அது எந்தத் தெருவுக்குப் போகாமல் நிற்கும் என்பதும், அவருக்குத்தான் முதலில் தெரியும். விஷயம் தெரிந்தும் வாயைத் திறக்காத ஆளாக அவரை வைத்து எத்தனையோ நகைச்சுவை பண்ணியிருக்கலாம். வந்தேறிப் பையனை அங்கே உட்கார வைத்ததும் ஊர் வெறும் வேடிக்கைப் பொருளாகிடுது.

தமிழ்நாட்டுப் பஞ்சாயத்து பற்றி எட்டு அத்தியாயம் எடுக்கிறவர்கள் சாதியை இவ்வளவு லேசாகக் கடந்து போக முடியும் என்பதும் எனக்கு ஆச்சரியம்தான். தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் பத்து வருஷம் தேர்தலே நடத்த முடியாமல் கிடந்த ஊர்கள் இங்கே இருந்தன. மதுரை மாவட்டத்தில் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். எங்க விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். 2006இல்தான் நாலு ஊரிலும் தேர்தல் ஒழுங்காக நடந்தது. நகைச்சுவைத் தொடரில் இதையெல்லாம் பேசணுமா என்றால், நல்ல நகைச்சுவை இங்கேதான் ஆரம்பிக்கும் என்பேன்.

நெட்ஃபிளிக்ஸின் 'நவரசா' (2021) பற்றி ஒரு வரி போதும். ஒன்பது ரசத்தில் எனக்கு மிச்சமானது 'பாயசம்' மட்டும், அதற்குக் காரணம் தி. ஜானகிராமனும் டெல்லி கணேஷும்.

'விலங்கு' நல்ல பக்கம். ஜீ5, 2022 பிப்ரவரி, பிரசாந்த் பாண்டியராஜ், ஏழு அத்தியாயம். திருச்சிப் பக்கத்து வேம்பூர் ஸ்டேஷன். எஸ்ஐ விமலுக்கு வீட்டில் பிரசவம், ஸ்டேஷனில் பிணம், மேலதிகாரியிடமிருந்து போன். ஸ்டேஷன் என்பது வேலை பார்க்கிற இடம், அங்கே களைப்பும் கிண்டலும் பொறாமையும் இருக்கும் என்று காட்டிய தமிழ்த் தொடர் எனக்குத் தெரிந்து இதுதான். ஆனால் அடித்து உண்மையை வாங்குவதை அது ரொம்பச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறது. ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தகப்பனும் மகனும் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் அடித்துச் செத்துப்போன பிறகு எடுத்த தொடர் இது. அந்தக் காட்சிகளில் என்னால் சிரிக்க முடியலை.

எனக்குப் பிடித்தது 'அயலி'. 2023 ஜனவரி 26, ஜீ5, இயக்கம் முத்துக்குமார். தொண்ணூறுகளில் புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்ற ஊர். பெண் வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்திக் கல்யாணம். தமிழ்ச்செல்வி வயசுக்கு வந்ததை மறைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். முழுத் தொடரும் இந்த ஒரு ரகசியத்தின் மேல் நிற்கிறது. கொலை வேண்டியதில்லை, தீ வேண்டியதில்லை. துணியை எங்கே துவைப்பது, எங்கே காயப்போடுவது, அம்மாவுக்கு எப்போது தெரியும் என்பதிலேயே நகத்தைக் கடிக்க வைக்கிறது. அம்மாவாக வரும் அனுமோல் ஒவ்வொரு அத்தியாயத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறார். ரெண்டரை மணி நேர சினிமாவில் அந்த மாற்றத்துக்கு ஒரு பாட்டுதான் கிடைத்திருக்கும். கடைசி அத்தியாயம் மேடைப் பேச்சாகிவிடுகிறது, அதை மன்னிக்கிறேன்.

இதைப் பார்க்கும்போது எங்க அம்மா கூட இருந்தாங்க. அவங்க படிப்பு ஏழாங்கிளாஸ். சடங்கு முடிஞ்ச மாசமே தீப்பெட்டிக் கட்டை அடுக்கப் போனவங்க. மூணாவது அத்தியாயத்தில் எழுந்து உள்ளே போயிட்டாங்க. பிடிக்கலையோ என்று நிறுத்தினேன். "ஓடட்டும், சத்தத்த மட்டும் கூட்டி வையி, அடுப்படியில கேக்கணும்" என்றார்கள்.

ஸ்ரேயா ரெட்டியைச் சொல்லாமல் விடக்கூடாது. 'சுழல்' இன்ஸ்பெக்டர் அவர்தான். 2024இல் ஜீ5இல் வந்த 'தலைமைச் செயலகம்' தொடரிலும் அவர் உண்டு. அதை இயக்கிய வசந்தபாலன் எங்க விருதுநகர்க்காரர். இதே ரெண்டு பேரும் 2006இல் 'வெயில்' படத்தில் சேர்ந்திருந்தார்கள். அந்தப் படத்தில் எங்க ஊர் வெக்கை இருந்தது. 'தலைமைச் செயலகம்' முதலமைச்சர், ஊழல் வழக்கு, ஜார்க்கண்ட் என்று ஓடுகிறது. விறுவிறுப்புதான். இருந்தும் எட்டு அத்தியாயம் அவருக்குக் கிடைத்தபோது அவர் கோட்டைக்குப் போய்விட்டாரே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

மதினிக்கு லீவு முடிந்து போச்சு. 'அயலி'யில் ரெண்டு அத்தியாயம் பாக்கி வைச்சிருக்காங்க. காலையில் ஏழு மணிக்கெல்லாம் கம்பெனி வேன் வந்துவிடுவதால் ராத்திரி முழிக்க முடியலையாம்.