அழியாதது எது?

மதிப்புரை எழுதுவோர் கைக்கு எளிதில் வந்து விழும் சொல் 'அழியாத' என்பது. அழியாக் காவியம், அழியாப் புகழ் என்று அது வாராத இதழே இல்லை. அச்சொல்லின் பொருளை நாம் ஒருமுறை எடைபோட்டுப் பார்ப்போம்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள. கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பெற்ற அவை, ஊரின் 30 குடும்புகளிலிருந்து குடவோலை வழியே வாரியத்தாரைத் தேர்ந்தெடுத்த முறையைக் கூறுகின்றன. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் தகுதியற்றோர் என்கின்றன. அது பிராமணர் சபை. எல்லார்க்கும் உரிய வாக்குரிமை அன்று. ஆயினும் பொதுப்பொருளுக்குக் கணக்குக் கேட்ட நேர்மை வியப்புக்குரியது. அந்த முறை வழக்கொழிந்தது. கல் மட்டும் நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கல்வெட்டறிஞர் கண்டு, வெங்கையா போன்றோர் பொருள் விளக்கிய பின்னரே அது உலகோடு பேசலாயிற்று.

இதற்கு நேர்மாறானது பல்சந்தமாலையின் கதை. நமக்குத் தெரிந்த இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையது எனக் கருதப்படும் அதன் முழு ஏடும் இன்றில்லை. ஆசிரியர் பெயரும் இல்லை. களவியற் காரிகையின் உரைகாரர் அகத்துறைகளுக்கு எடுத்துக்காட்டாக ஆண்ட எட்டுப் பாடல்களே எஞ்சின. அவ்வுரையை வையாபுரிப் பிள்ளை பதிப்பித்தமையால் அவை நம் கைக்கு எட்டின. கல்லில் வெட்டப்படாத அப்பாடல்களை, கற்றவர் ஒருவரின் பயன்பாடே காத்தது.

நல்ல நூல் தானே நிற்கும் என்பார் உளர். பல்சந்தமாலையின் ஏனைய பாடல்கள் தரத்தில் தாழ்ந்தா மறைந்தன? எடுத்தாள்வார் இன்றி மறைந்தன என்பதே பொருந்தும். அழியாமை நூலோடு பிறக்கும் குணம் அன்று. வாசகர் அதற்கு அளிக்கும் ஆயுள்.

நம் இல்லங்கள் பலவற்றில் பாட்டனார் காலத்து அரபுத்தமிழ் ஏடுகளும் கிஸ்ஸாக்களும் முனாஜாத்துகளும் பரண்மேல் கிடக்கின்றன. மரியாதை கருதித் துணியில் பொதிந்து வைக்கிறோம், பிரித்துப் படிப்பதில்லை. கரையானுக்கு அந்த மரியாதை தெரியாது. கைப்பேசியில் படம்பிடித்து வைத்தாலும், படிக்கப்படாத படம் படிக்கப்படாத கல்லே. அவ்வெழுத்தறிந்த முதியவர் வீட்டில் இருக்கும்போதே, நாளுக்கொரு பக்கம் படிக்கக் கேட்டு, பிள்ளைகளைக் கொண்டு தமிழெழுத்தில் எழுதி வைப்போம். 'அழியாத' என்னும் அடைமொழியைச் சூட்டும் உரிமை அதன் பின்னரே நமக்கு உண்டு.