கடைசி வாங்கின் குற்றப்பத்திரிகை

1967ஆம் ஆண்டு மே மாதத்தில் இத்தாலியில் வெளிவந்த 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்னும் நூலை எழுதியோர் பார்பியானா என்ற மலைக்கிராமத்துச் சிறுவர் எண்மர். 1954இல் அங்கு அனுப்பப்பட்ட லொரென்ஸோ மிலானி என்ற பாதிரியாரே அவர்களின் ஆசான். நூல் வெளிவந்த மறுமாதம் அவர் காலமானார்.

இத்தாலிய அரசு 1962இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான இடைநிலைப் பள்ளியைச் சட்டமாக்கிற்று. கதவு திறந்தது, ஆனால் தேறாதவரென்று மீண்டும் வெளியே தள்ளப்பட்டோர் யாவர்? இவ்வினாவைச் சிறுவர்கள் புள்ளிவிவரங்களோடு ஆராய்கின்றனர். தகப்பனின் தொழிலை அறிந்தால் பிள்ளையின் பெறுபேற்றையும் ஊகித்துவிடலாம் என்பதே அவர்கள் கண்ட முடிவு. ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கின்றனர்: எவரையும் வகுப்பில் நிறுத்தாதீர், பின்தங்கியோருக்கு முழுநாட் பள்ளி தாரீர், நாட்டமற்றோருக்கு ஒரு நோக்கம் காட்டுவீர். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பித்த அவர்களது பள்ளியின் அநுபவமே இக்கோரிக்கைகளுக்கு ஆதாரம்.

நாம் இந்நூலை வில்கமுவையை மனத்திற் கொண்டு வாசித்தோம். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, வஸ்கமுவ வனத்தை அடுத்த இப்பகுதியில் வாழ்வோர் பெரும்பாலும் சிங்களக் கமக்காரர். யானைக்கஞ்சி விழித்திருந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளையையே காலையில் பாடம் ஒப்புவிக்கச் சொல்கிறோம். ரத்தொட்டைத் தோட்டத்து லயத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு மொழி வேறு, சோர்வு வேறன்று.

1945இல் வந்த இலவசக் கல்வி நமது பெரும் பேறு. அதனோடு வளர்ந்த புலமைப்பரிசில் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளை உயர்த்தியதை மறுப்பாரில்லை. எனினும் ஐந்தாந் தரப் பரீட்சையில் வென்ற பிள்ளை பெரிய பாடசாலைக்குப் போய்விடுகிறது. ஆறாந் தரத்தில் எஞ்சியோர்க்கே கிராமப் பாடசாலை! கஷ்டப் பிரதேச சேவைக்காலம் முடிந்ததும் ஆசிரியரும் இடமாற்றம் தேடுகிறார். போனவர்களைக் கொண்டு பாடசாலையைப் புகழ்கிறோம். இருப்பவர்களைக் கொண்டல்லவா அதை அளக்க வேண்டும்?

நூலின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். கடைசிக் கட்டத்தில் சவுக்கையும் எடுப்பதுண்டு என்று சிறுவர்கள் கூச்சமின்றி எழுதுகின்றனர். இதை நாம் ஏற்கோம். இலங்கைக் கல்வி அமைச்சு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் உடற்றண்டனையைத் தடுத்துள்ளது. ஆசிரியரின் அறையால் செவிப்புலன் குன்றிய மாணவனின் வழக்கில், அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அடிபட்ட வர்க்கத்தின் பிள்ளையை மீண்டும் அடித்து விடுதலைக்கு அழைத்துச் செல்ல இயலாது.

ஊர்ப் பெண்பிள்ளைகள் தம் பள்ளிக்கு வரவில்லை என்பதையும் நூல் விரைவாகவே கடந்துவிடுகிறது. கோபத்தின் பெரும்பங்கு ஆசிரியர்மீதே விழுகிறது. அவரும் சம்பளத்துக்கு உழைப்பவர் என்பது மறைந்துபோகிறது.

ஆயினும் அவர்களின் கணக்கு பொய்யன்று. ஆசிரியத் தோழர்களே, உங்கள் வகுப்பின் வரவுப் பதிவேட்டை எடுங்கள். அடிக்கடி வராதவன், வாசிக்கத் தெரியாதவள், உடற்குறையால் மூலையில் இருத்தப்பட்டவன் ஆகியோரின் பெயர்களுக்கு எதிரே தாய் தந்தையரின் தொழிலை எழுதிப் பாருங்கள். வில்கமுவையின் கடிதம் அந்தப் பக்கத்தில் தொடங்கட்டும்.