கொடையும் இறையும்

கம்பனிகள் தம் 'சமூகப் பொறுப்பினை' விதந்துரைக்கும் இந்நாளில், தோமஸ் லிப்டனின் வரலாறு நோக்கற்பாலது. 1890இல் அப்புத்தளையின் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கிய அவர், 1897இல் லண்டன் ஏழைகளின் விருந்துக்கு 25,000 பவுண் ஈந்தார். மறுவருடம் 'சேர்' பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் இலங்கையில் வருமானவரி இருக்கவில்லை. அவர் மறைந்த பின்னரே, 1932இல், அது நடைமுறைக்கு வந்தது. ஊவாத் தோட்டத் தொழிலாளியோ தான் உண்ட இறக்குமதி அரிசியின் விலையோடு சுங்கத் தீர்வையையும் சுமந்தான். அவன் உழைப்பில் விளைந்த கொடை லண்டனுக்கே சென்றது.

கொடையின் அளவையும் அதனைப் பெறுவோரையும் கொடுப்பவனே தீர்மானிக்கின்றான். வரியைத் தீர்மானிப்பது சட்டம். ஆதலின், செலுத்திய வரியும் கூலியும் அருகே பொறிக்கப்படாத கொடைப்பட்டியல் அரைக்கணக்கே. முழுக்கணக்கைக் கேட்பது பதுளை மலைகளில் உழைப்போரின் உரிமையாகும்.