சாவி வேறு, கையெழுத்து வேறு: ஒரே கணினியில் இரண்டு கிட்ஹப் கணக்குகள்

ஒரே லேப்டாப்பில் ஆபீஸ் கிட்ஹப் கணக்கு ஒண்ணு, சொந்தக் கணக்கு ஒண்ணு. ரெண்டையும் எப்படி வெச்சுக்கிறது? இந்தக் கேள்விக்கு இணையத்தில் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. இரண்டு எஸ்எஸ்ஹெச் சாவி உருவாக்கு, கணக்குக்கு ஒன்றாக ஏற்று, எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் கோப்பில் 'கிட்ஹப்-ஒர்க்', 'கிட்ஹப்-பர்சனல்' என்று இரண்டு புனைபெயர் எழுது, குளோன் பண்ணும்போது கிட்ஹப் டாட் காம் இருக்கும் இடத்தில் அந்தப் புனைபெயரைப் போடு. முடிஞ்சது, நன்றி, லைக் பண்ணுங்க. இந்தச் செய்முறை மேல எனக்கு ரெண்டு புகார் இருக்கு. ஒண்ணு சின்னது, ஒண்ணு பெரிசு.

அதுக்கு முன்னாடி, இது எதற்காகப் பிறந்தது என்று பார்த்துவிடலாம். எஸ்எஸ்ஹெச் வழியாகப் போகும் எல்லாருமே ஒரே பயனர் பெயரில்தான் கிட்ஹப்புக்குள் நுழைகிறோம்: 'கிட்'. நீங்களும் கிட், நானும் கிட். ஆளைக் காட்டிக்கொடுப்பது சாவி மட்டும்தான். அதனால்தான் ஒரே சாவியை இரண்டு கணக்கில் ஏற்ற முடியாது. ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடும். இப்போ உங்கள் எஸ்எஸ்ஹெச் ஏஜென்டில் இரண்டு சாவி இருக்கிறது என்று வையுங்கள். அது ஒன்றன்பின் ஒன்றாக நீட்டும். முதலில் நீட்டிய சாவி கிட்ஹப்புக்குத் தெரிந்த ஏதோ ஒரு கணக்கோடது என்றால் கதவு திறந்துடும், இரண்டாவது சாவிக்கு வேலையே வராது. உள்ளே போன பிறகுதான் இந்தக் கணக்குக்கு இந்த ரெப்போவில் அனுமதி உண்டா என்ற கேள்வியே எழும். தனியார் ரெப்போவாக இருந்து அனுமதியும் இல்லை என்றால், 'அனுமதி இல்லை' என்றுகூட பதில் வராது, 'அப்படி ஒரு ரெப்போ இல்லை' என்று வரும். ரெப்போ இருப்பதே வெளியாளுக்குத் தெரியக்கூடாது என்பது நியாயமான காரணம்தான். ஆனா முகவரியில் எழுத்துப்பிழையோ என்று அரைமணி நேரம் தேடுகிறவருக்கு அது ஆறுதல் இல்லை.

புனைபெயர் முறை இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது, 'ஐடென்டிட்டீஸ் ஒன்லி' என்ற வரியையும் சேர்த்து எழுதினால். பல குறிப்புகளில் அந்த வரி இருக்காது. அது இல்லாமல், நீங்கள் சொன்ன சாவி ஏஜென்டில் ஏறாமல் வேறொன்று அங்கே உட்கார்ந்திருந்தால், அந்த வேறொன்றுதான் முதலில் போய் நிற்கும்.

சின்னப் புகார் இதுதான்: அந்தப் புனைபெயர் உங்கள் கணினிக்கு மட்டுமே தெரிந்த பெயர். எங்கிருந்து முகவரியை நகல் எடுத்தாலும் கையால் திருத்தணும். சப்மாட்யூல் இருக்கும் ரெப்போவில் உள்ளே எழுதியிருப்பது நிஜப்பெயர், ஆகவே அது உங்கள் புனைபெயரைக் கண்டுகொள்ளாது. நீங்களே புனைபெயரோடு ஒரு சப்மாட்யூலைச் சேர்த்து கமிட் பண்ணினால், பக்கத்து சீட்காரரால் அதை இறக்கவே முடியாது. 'இன்ஸ்டெட் ஆஃப்' அமைப்பை வைத்து ஒட்டுப்போடலாம். ஒட்டுக்கு மேல் ஒட்டு.

பெரிய புகாருக்கு வருவோம். ஒவ்வொரு கமிட்டிலும் எழுதியவர், கமிட் செய்தவர் என்று இரண்டு வரி இருக்கும், பெயரும் மின்னஞ்சலுமாக. அவை கிட் அமைப்புக் கோப்பிலிருந்து வருகின்றன. எஸ்எஸ்ஹெச் சாவிக்கும் அவற்றுக்கும் எந்த உறவும் கிடையாது. சாவி வாசலைத் திறக்கிறது, மின்னஞ்சல் கையெழுத்துப் போடுகிறது. வாட்ச்மேன் கையெழுத்தைப் பார்ப்பதில்லை. கிட்ஹப்போ ஒரு கமிட் யாருடையது என்று காட்டுவதற்கு மின்னஞ்சலைத்தான் பார்க்கிறது, சாவியை இல்லை. ஆக, ஆபீஸ் சாவியில் அழகாக புஷ் ஆகும், உள்ளே இருக்கும் கமிட் முழுக்க சொந்த ஜிமெயில் பெயரில் இருக்கும். ஒரு எச்சரிக்கைகூட வராது.

தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம். வீட்டில் செய்யும் திறந்த மூல வேலையில் ஆபீஸ் மின்னஞ்சல் பதிந்துவிடுகிறது. வேலையை விட்ட பிறகு அந்த முகவரிக்கு வரும் சரிபார்ப்பு மெயிலை உங்களால் திறக்க முடியாது, எனவே சொந்தக் கணக்கில் அதைச் சேர்க்கவும் முடியாது. உழைப்பு உங்களுடையது, ப்ரொஃபைலில் காட்ட வழியில்லை. சரி, மாத்திடலாம் என்றால், கமிட்டின் ஹேஷ் அந்த இரண்டு வரிகளையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. ஒன்றைத் தொட்டால் அதற்குப் பின்னால் வந்த எல்லாவற்றின் ஹேஷும் மாறும், மற்றவர்கள் வைத்திருக்கும் பிரதிகளோடு ஒத்துப்போகாது.

சாவி தப்பானால் கிட்ஹப் சத்தம் போடுகிறது. மின்னஞ்சல் தப்பானால் யாருமே சத்தம் போடுவதில்லை. செய்முறைக் குறிப்புகள் சத்தம் வந்த பிழையை மட்டும் தீர்த்துவிட்டு எழுந்து போய்விடுகின்றன.

இத்தனைக்கும் கிட்டிலேயே நல்ல வழி இருக்கு. 2017 மே மாதம் வந்த 2.13 பதிப்பிலிருந்து 'இன்க்ளூட் இஃப்' என்ற நிபந்தனை உண்டு: இந்த ஃபோல்டருக்குக் கீழே இருக்கும் ரெப்போ என்றால் இந்த அமைப்புக் கோப்பையும் சேர்த்துப் படி. அந்தக் கோப்பில் ஆபீஸ் மின்னஞ்சலையும், 'எஸ்எஸ்ஹெச் கமாண்ட்' வரியில் ஆபீஸ் சாவியையும் எழுதிவிட்டால் சாவி, கையெழுத்து இரண்டும் ஒரே விதியில் அடங்கிவிடும். முகவரியைத் திருத்தும் வேலையே இல்லை. ஃபோல்டர் பெயரின் கடைசியில் சாய்கோடு போட மறக்காதீங்க. அது இல்லாமல் உள்ளே இருக்கும் ரெப்போக்களுக்குப் பொருந்தாது, அதையும் சத்தமில்லாமல்தான் செய்யும். ஃபோல்டர் பிரிக்கப் பிடிக்காதவர்களுக்கு 2022இல் வந்த 2.36 பதிப்பில், ரிமோட் முகவரியைப் பார்த்து முடிவெடுக்கும் நிபந்தனையும் வந்துவிட்டது.

இதோடு நான் கட்டாயம் என்று சொல்வது ஒன்று: பொது அமைப்பில் மின்னஞ்சலையே எழுதாமல் விட்டு, 'யூஸ் கான்ஃபிக் ஒன்லி' என்பதை இயக்கி வைப்பது. எந்த விதியிலும் சிக்காத ரெப்போவில் கமிட் செய்யப் போனால் கிட் மறுத்துவிடும். சத்தமில்லாத பிழைக்கு ஒரு குரல் கிடைக்குது.

கிட்ஹப்பின் கட்டளைக் கருவியில் 2023 கடைசியில் கணக்கு மாற்றும் வசதி வந்தபோது பலர் கொண்டாடினார்கள். எனக்கு அதில் ஈர்ப்பு இல்லை. மாற்ற ஞாபகம் இருக்கணும், திரும்ப மாற்றவும் ஞாபகம் இருக்கணும். ஃபோல்டர் விதிக்கு உங்கள் ஞாபகம் தேவையில்லை. தவிர, அதுவும் கமிட்டில் போகும் மின்னஞ்சலைத் தொடுவதில்லை.

கிட்ஹப் தன் பங்குக்கு, ஒருவருக்கு ஒரு இலவசக் கணக்குதான் என்று விதிமுறையிலேயே எழுதி வைத்திருக்கிறது. வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே கணக்கு போதும் என்பது அதன் கட்சி. ஆனா நிறுவனமே உருவாக்கித் தரும் நிர்வகிக்கப்பட்ட கணக்கால் வெளியே இருக்கும் பொது ரெப்போக்களில் பங்களிக்க முடியாது. அந்த மாதிரி இடத்தில் இரண்டாவது கணக்கு தவிர்க்க முடியாதது. ஒரே கணக்கோடு இருப்பவருக்கும் சாவிப் பிரச்சினைதான் தீரும். எந்த ரெப்போவில் எந்த மின்னஞ்சல் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

ஏற்கெனவே தப்பாகப் பதிந்தவற்றுக்கு மெயில்மேப் என்று ஒரு கோப்பை ரெப்போவில் வைக்கலாம். பழைய மின்னஞ்சலையும் புதியதையும் ஒரே வரியில் எழுதினால், கிட் லாக் சரியான பெயரைக் காட்டும். ஹேஷ் எதுவும் மாறாது. மறைக்க நினைத்த முகவரியாக இருந்தால் மட்டும் இது உதவாது. அந்தக் கோப்பிலேயே அது பளிச்சென்று எழுதியிருக்கும்.