நான்காம் விதியும் நூலகர் கூட்டங்களும்

வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது, சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவதாகும். நூலடுக்கு, பட்டியல், வழங்குமுறை ஆகியவற்றோடு பொருத்திப் பார்க்கப்படும் இவ்விதி நூலகர் கூட்டங்களுக்கும் பொருந்தும். ஒருவரே பணிபுரியும் கிளை நூலகத்தில், அவர் செங்கல்பட்டுக் கூட்டத்திற்கோ மாமல்லபுரக் கருத்தரங்கிற்கோ சென்றால் அன்று கதவு அடைபடும். கூட்டத்தின் செலவை ஏற்பவர் வாசகரே.

புள்ளிவிவரம் ஒப்படைக்கவும் சுற்றறிக்கை வாசிக்கவும் நேரில் கூட வேண்டியதில்லை. வாசகர் கேட்டும் கொடுக்க இயலாமற்போன நூல்களே கூட்டத்தின் பொருளாதல் வேண்டும். அவற்றை எக்கிளையிலிருந்து பெறலாம் என அங்கேயே முடிவுசெய்து, அடுத்த கூட்டத்தில் சரிபார்த்தல் தகும். 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கத்தின் முயற்சி 1948இல் பொது நூலகச் சட்டமாக நிறைவேறியது, கூடிப் பேசியது செயலாகும் என்பதற்குச் சான்று. அடைத்த கதவுக்கு ஈடாக வாசகருக்கு ஒன்றும் கொண்டுவராத கூட்டம் நான்காம் விதியை மீறியதேயாகும்.