செயலிக்கும் கைபேசிக்கும் நடுவே

கட்டற்ற கைபேசிகளைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் வன்பொருளிலேயே நின்றுவிடுகிறார்கள். என்ன சில்லு, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்றுதான் பேச்சு போகிறது. எனக்கு வேறொரு கேள்வி பெரிதாகப் படுகிறது. செயலியை எழுதியவருக்கும் அதை நிறுவுகிறவருக்கும் நடுவே நிற்பது யார், அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்? இத்துறையின் பள்ளிகள் பிரிந்தது இந்தக் கேள்வியில்தான்.

மூத்த பள்ளி டெபியனுடையது. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய இந்த லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தில் மென்பொருளை எழுதியவர் நேராகப் பயனரிடம் வருவதில்லை. பராமரிப்பாளர் ஒருவர் நடுவில் இருக்கிறார். மூலநிரலை எடுத்து, உரிமத்தைப் படித்து, மற்ற பொதிகளோடு ஒத்துப்போகும்படி திருத்தி, களஞ்சியத்தில் சேர்ப்பது அவர் வேலை. பயனர்களுக்கும் கட்டற்ற மென்பொருளுக்குமே முதலிடம் என்று 1997-இன் சமூக ஒப்பந்தத்தில் டெபியன் எழுதிவைத்தது. பொதி மாற்றப்படவில்லை என்று காட்டும் கையொப்பமும் களஞ்சியத்தினுடையதுதான், தனிச் செயலியினுடையது அல்ல. 1999-இல் டெபியன் 2.1-உடன் ஏபிடி என்ற நிறுவல் கருவி வந்தது. ஒரு பொதியைக் கேட்டால் அதற்கு வேண்டிய நூலகங்களெல்லாம் கூடவே வந்து சேர்ந்தன. இதன் பலனைத் தமிழிலேயே பார்க்கலாம். லோஹித் தமிழ் எழுத்துருப் பொதியை ஒருமுறை நிறுவினால் போதும். உலாவி, மின்னஞ்சல், கோப்பு மேலாளர் எல்லாவற்றிலும் வெற்றுக் கட்டங்கள் மறைந்து எழுத்துகள் தெரியும்.

இந்த மரபைச் சட்டைப்பைக்குக் கொண்டுவந்தது நோக்கியா. 2005-இல் வந்த 770 கையடக்கக் கணினியும் 2009-இல் வந்த என்900 கைபேசியும் டெபியன் வழிவந்த மேமோ இயங்குதளத்தில் ஓடின. மேமோவின் சமூகக் களஞ்சியத்துக்கு மூன்று படிகள்: எக்ஸ்ட்ராஸ்-டெவல், எக்ஸ்ட்ராஸ்-டெஸ்டிங், எக்ஸ்ட்ராஸ். நடுப்படியில் பொதி சில நாள் காத்திருக்க வேண்டும். முன்பின் அறியாத பயனர்கள் அதை நிறுவிப் பார்த்து வாக்களிப்பார்கள். அவர்கள் கையில் ஒரு சோதனைப் பட்டியல் இருந்தது. பிழையைத் தெரிவிக்க முகவரி உண்டா, பேட்டரியைத் தேவையில்லாமல் தின்கிறதா, கோப்புகள் பெரிய நினைவகத்தில் இருந்த ஆப்ட் அடைவுக்குள் போகின்றனவா என்று பார்ப்பார்கள். கடைசிக் கேள்விக்குக் காரணம், என்900-இன் மூல நினைவகம் 256 எம்பி மட்டுமே. அடைவை மாற்றாத பொதிகள் பத்து சேர்ந்தாலே கைபேசி திணறும். சம்பளம் வாங்காத பயனர்கள் இவ்வளவு கறாரான தரத்தை நடத்திக் காட்டினார்கள் என்பதை இன்று படித்தாலும் வியப்பாக இருக்கிறது.

இப்பள்ளியின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். பொதியை நிறுவும்போது அதனுள்ளிருக்கும் நிரல்கள் ரூட் எனும் முழு அதிகாரத்தில் ஓடும். பராமரிப்பாளர் ஏமாந்தால் கைபேசி முழுவதும் போச்சு.

இரண்டாம் பள்ளி இந்தப் பலவீனத்துக்குத்தான் விடை கண்டது. 2008 ஜூலையில் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்தது, அக்டோபரில் ஆண்ட்ராய்டு மார்க்கெட் வந்தது. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் லினக்ஸ் கருவில் தனிப் பயனர் எண் உண்டு. ஒன்றின் தனிக் கோப்பை மற்றொன்று தொட முடியாது. கையொப்பமும் தொடக்கத்தில் எழுதியவருடைய திறவுகோலிலேயே இருந்தது. புதிய பதிப்பு அதே திறவுகோலோடு வந்தால்தான் கைபேசி ஏற்கும். நல்ல பொறியியல், சந்தேகமில்லை. ஆனால் நடுவில் நின்ற பராமரிப்பாளர் காணாமல் போனார். அவர் இடத்தில் கடையின் உரிமையாளரும் அவருடைய விதிமுறைகளும் வந்து உட்கார்ந்தன. 2011 ஜனவரியில் விஎல்சி காணொளி இயக்கி ஆப் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டதே சான்று. கடையின் நிபந்தனைகள் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தோடு பொருந்தவில்லை என்று அதன் உருவாக்குநர்களில் ஒருவரே புகார் கொடுத்திருந்தார்.

இரண்டுக்கும் இடைப்பட்ட முயற்சிகளும் உண்டு. யோல்லா நிறுவனத்தின் செயில்ஃபிஷ் இயங்குதளம் அடியில் ஆர்பிஎம் பொதிகளை வைத்துக்கொண்டு, ஹார்பர் என்ற கடைவாசலில் அனுமதித்த நூலகங்களை மட்டும் ஏற்றது. அங்கே இடம் கிடைக்காதவை ஓப்பன்ரிப்போஸ் என்ற சமூகக் களஞ்சியத்துக்குப் போயின. உபுண்டு டச் இயங்குதளம் கிளிக் பொதிகளை ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்புக் கட்டுக்குள் அடைத்தது. 2017-இல் கனோனிகல் நிறுவனம் கைவிட்ட பின் யூபிபோர்ட்ஸ் சமூகம் அதைத் தாங்கிவருகிறது.

என் மனம் நிற்பது 2010-இல் தொடங்கிய எஃப்-டிராய்ட் செயலிக் களஞ்சியத்தில். ஆண்ட்ராய்டின் தடுப்புச் சுவரை அப்படியே வைத்துக்கொண்டு, டெபியனின் பராமரிப்பாளரை அது திரும்ப அழைத்துவந்தது. ஒவ்வொரு செயலிக்கும் எல்லோரும் படிக்கக்கூடிய ஒரு சிறு உரைக்கோப்பு இருக்கும். மூலநிரல் எங்கே இருக்கிறது, என்ன உரிமம், எந்த நிலையிலிருந்து, என்ன கட்டளைகளால் கட்டப்படுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். எஃப்-டிராய்டின் கணினியே செயலியைக் கட்டுகிறது. மூடிய நூலகம் ஏதும் உள்ளே இருந்தால் கட்டுமானம் நின்றுவிடும். விளம்பரம் காட்டுகிறதா, பயனரைப் பின்தொடர்கிறதா, மூடிய சேவையை நம்பியிருக்கிறதா என்பது செயலியின் பக்கத்திலேயே எச்சரிக்கையாக வரும். இப்படித் தன் சரக்கின் குறையைத் தானே எழுதி ஒட்டும் வேறு பெரிய கடையை நான் பார்த்ததில்லை.

நடுவில் ஒருவர் நிற்பதன் பலன் 2023 இறுதியில் தெரிந்தது. சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்ற கட்டற்ற செயலிகள் அப்போது ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. எஃப்-டிராய்டிலிருந்து அவற்றை நிறுவியவர்களின் கைபேசிக்குப் புதிய உரிமையாளரின் பதிப்பு வந்து இறங்கவில்லை. பழைய கட்டற்ற நிரலிலிருந்து ஃபாசிஃபை என்ற கிளை முளைத்து அதே களஞ்சியத்துக்கு வந்தது.

இதற்கு விலையும் உண்டு. புதிய பதிப்புகள் தாமதமாக வரும். எஃப்-டிராய்ட் தன் திறவுகோலால் கையொப்பமிட்ட செயலியின் மேல் பிளே ஸ்டோர் பதிப்பை ஏற்ற முடியாது. யார் கட்டினாலும் ஒரே கோப்பு கிடைக்கும்படி நிரலை ஒழுங்குபடுத்தி, எழுதியவரின் கையொப்பத்தையே பயன்படுத்தும் முறை இந்தச் சிக்கலை மெல்லக் குறைத்துவருகிறது.

போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், மோபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளங்கள் ஓடும் கைபேசிகளில் இன்று களஞ்சியப் பொதியும், செயலியைத் தனித் தடுப்புக்குள் ஓட்டும் ஃபிளாட்ஹப் கடையின் ஃபிளாட்பேக்கும் ஒரே திரையில் வரிசையாக வருகின்றன. அடிப்படை அமைப்பைக் களஞ்சியத்திலிருந்தும், அதிகம் நம்பிக்கை வைக்காத செயலிகளை ஃபிளாட்பேக்காகவும் எடுப்பதே சரி என்பது என் கருத்து.

2025 ஆகஸ்டில் கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அடையாளம் சரிபார்க்கப்பட்ட உருவாக்குநர்கள் பதிவு செய்த செயலிகளையே சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கைபேசிகளில் நிறுவ முடியும் என்பதே அது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் இது தொடங்கும் என்றது. அந்த அறிவிப்பின் முதல் வரிசையிலேயே சிங்கப்பூர்த் தமிழர்களின் கைபேசிகளும் இருந்தன. அடுத்த மாதமே எஃப்-டிராய்ட் மறுப்புத் தெரிவித்தது. எழுதியவர்களைக் கூகுளிடம் பதிவு செய்யும்படி கட்டாயப்படுத்த எங்களால் முடியாது, அவர்களுடைய செயலி அடையாளங்களை எங்கள் பெயரில் எடுத்துக்கொள்ளவும் மாட்டோம் என்பது அதன் நிலை. நடுவில் நிற்பவர் எழுதியவரின் உரிமையையும் பயனரின் உரிமையையும் ஒருசேரக் காக்க வேண்டும் என்ற டெபியன் காலத்துத் தரம்தான் அந்த மறுப்பில் பேசுகிறது. நான் அதன் பக்கம் நிற்கிறேன்.